டீச்சருக்குக் கொடுத்த ஐந்து கிழங்குகள்

போன தை மாதம் எங்கள் அடுக்குமாடியின் செயலாளர் என்னுடைய ஒன்பது தொட்டிகளையும் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். படிக்கட்டுக்குக் கீழே, யார் காலிலும் இடறாத மூலையில் இருந்த தொட்டிகள். "செடியெல்லாம் செத்துப்போச்சு மேடம், வெறும் மண்ணுதான் இருந்துச்சு" என்றார். நான் திட்டிய திட்டில் லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் பாதிப் பேர் படியேறிப் போய்விட்டார்கள்.

வெறும் மண்ணாம். அது கலேடியம். மார்கழியில் இலையெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் படுத்துத் தூங்கும். சித்திரை வெயிலில் மண் சூடேறி, ஒரு மழையும் பெய்தால்தான் கண் விழிக்கும். நாலு மாதம் தூங்குகிற ஒன்றைப் பிணம் என்று முடிவு கட்டித் தூக்கிப் போடுகிற புத்திசாலிகள் இன்றைக்கு மட்டும் இல்லை, அன்றைக்கும் இருந்தார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு இந்தச் செடி தெரியும். பெயர்தான் தெரியாது. பூக்காத செடி எதுவானாலும் நம் பக்கத்தில் அப்போது ஒரே பெயர், குரோட்டன்ஸ். யானைக் காது மாதிரி இலை, ஆனால் உள்ளங்கை அளவுதான். சிவப்பு, ரோஸ், வெள்ளை என்று யாரோ உட்கார்ந்து வண்ணம் தீட்டிய மாதிரி இருக்குமே, அதுதான். இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு "ஆகா, அந்தக் காலம்" என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். அந்தக் காலத்தில் தாம்பரத்தில் கொசு இருந்தது, குழாயில் தண்ணீர் இல்லை.

எங்கள் வாடகை வீடு கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. வீட்டின் வடக்குச் சுவருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு சந்து. நடுப்பகலில் அரை மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் ஈரம், பாசி, நத்தை. அம்மா அங்கே வெண்டை போட்டாள், வரவில்லை. கனகாம்பரம் வைத்தாள், வெளுத்துப்போய் நின்றது. அப்பா அந்தச் சந்தில் பழைய டயர்களை அடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அரிவாள்மணை வாங்கப் போனாள். போனவள் அரிவாள்மணை இல்லாமல் திரும்பி வந்தாள். ஒரு காகிதப் பையில் ஏழு கிழங்குகள் வைத்திருந்தாள். பாக்கு அளவில், சேப்பங்கிழங்கின் தம்பி மாதிரி, முடி முளைத்த கிழங்குகள். யாரோ ஒரு துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர் சாக்கு விரித்து விற்றாராம். பக்கத்தில் மாதிரிக்கு ஒரு தொட்டி வைத்திருந்தாராம். அந்த இலையைப் பார்த்ததும் அம்மாவுக்கு அரிவாள்மணை மறந்துவிட்டது.

"இது என்ன, குழம்புக்கா?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல. பார்க்கிறதுக்கு."

"பார்க்கிறதுக்கா!" என்றார் அப்பா. அதற்குப் பிறகு ஒரு வாரம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

வைகாசி முடிவதற்குள் அவர் சிரிப்பு நின்றது. சந்து முழுக்க இலை. சுருட்டிய பீடி மாதிரி மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும். இரண்டு நாளில் அவிழும். அவிழ்ந்த அன்று வெங்காயச் சருகு மாதிரி அவ்வளவு மெல்லிசாக இருக்கும், பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். அம்மா ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். வெள்ளை இலையில் பச்சை நரம்பு ஓடுவது வெள்ளைக்காரி. பச்சையில் ரோஸ் புள்ளி போட்டது அம்மை போட்டவள். நடுவில் சிவந்து கிடப்பது வெற்றிலை வாய். நான் ஒரு தடவை வெற்றிலை வாயைப் பறித்துக் கசக்கி முழங்கையில் தேய்த்துப் பார்த்தேன். அன்று முழுக்க அரிப்பு. அம்மா புளியைத் தேய்த்துவிட்டு, கூடவே முதுகில் ஒன்றும் வைத்தாள்.

அந்தக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் டீச்சர் வீடு. டீச்சர் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தினார். சாயங்காலம் ரயிலில் வந்து இறங்கி, முகம் கழுவி, காபி டம்ளரோடு சுவரடிக்கு வந்துவிடுவார். சுவர் அம்மாவின் மார்பளவு உயரம். அம்மா இந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பேசுவாள். டீச்சர் அந்தப் பக்கம் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுவார். என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். ஒன்றுமில்லாததைப் பேசினார்கள். இருட்டும் வரை பேசினார்கள்.

அம்மாவுக்கு அந்தத் தெருவில் வேறு ஆள் இல்லை. மதுராந்தகம் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். தெருவில் முக்கால்வாசி வீடுகள் பழைய ஊர்க்காரர்களுடையவை. நிலம் வைத்திருந்தவர்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். அவர்களுக்கு அம்மா என்றைக்கும் "வாடகை வூட்டு அம்மா"தான். அப்பா விடிந்ததும் ரயிலுக்குப் போனால் ராத்திரிதான் வருவார். ஆக, அம்மாவுக்குப் பேச இருந்தது ஒரே ஆள், ஒரே சுவர்.

கோவளத்திலிருந்து சைக்கிளில் மீன் வரும் நாட்களில் டீச்சர் மீன் கழுவிய தண்ணீரை வாளியோடு சுவருக்கு மேலே நீட்டுவார். "பாப்பாம்மா, உங்க பொண்ணுங்களுக்குச் சாப்பாடு!" நான் பாப்பா, அதனால் அம்மா அவருக்குப் பாப்பாம்மா. அம்மா வாங்கி வேரடியில் ஊற்றுவாள். அந்த நாற்றத்துக்கு நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். மூன்றாம் நாள் இலை இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாகியிருக்கும்.

கிழங்கு விஷயத்தில் மட்டும் அம்மா மகா கருமி. யார் கேட்டாலும் கொடுக்க மாட்டாள். பூக்காரம்மா கேட்டாள், இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், இல்லை. டீச்சரே மூன்று வருஷம் ஜாடைமாடையாகக் கேட்டார், இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயதில் டைஃபாய்டு வந்தது. அப்பா வேலைக்குப் போயிருந்தார். டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, சைக்கிள் ரிக்‌ஷாவில் என்னை மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. நான் எழுந்து நடமாட ஆரம்பித்தது கார்த்திகையில். அந்தப் பொங்கல் கழிந்ததும், அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்தாள். அதில்தான் காய்ந்த மணலுக்குள் அந்த வருஷத்துக் கிழங்குகள் தூங்கிக்கொண்டிருந்தன. இருப்பதிலேயே பெரிதாக ஐந்தைப் பொறுக்கினாள்.

ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு குண்டானில் தண்ணீர் வைத்தாள். மஞ்சள் தூள் போட்டாள். கொஞ்சம் சூடேறியதும் இறக்கி, என் கையைப் பிடித்து உள்ளே விட்டாள்.

"சுடுதா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று கிழங்குகளை உள்ளே போட்டாள். கால் மணி நேரம் கழித்து எடுத்து, துடைத்து, நிழலில் காயவைத்தாள். கிழங்கில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இதில் போய்விடும் என்று சந்தைக்காரர் சொல்லியிருந்தாராம். ஒவ்வொரு வருஷமும் நடுவதற்கு முன்னால் செய்வதுதான்.

டீச்சர் கிழங்குகளை வாங்கியபோது இரண்டு கையையும் நீட்டி வாங்கினார்.

"சித்திரைக்கு முன்னாடி எதிர்பார்க்காதீங்க. தண்ணியும் ஊத்தாதீங்க டீச்சர், நிழல்ல வையுங்க" என்றாள் அம்மா.

"பாப்பாம்மா, நான் பாட்டனி டீச்சர்" என்று டீச்சர் சிரித்தார்.

பாட்டனி டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? அன்றைக்கே இரண்டு தொட்டியில் நட்டார். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று வாசல் படியில், நேர் வெயிலில் வைத்தார். தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். மாசி வந்தது, ஒன்றும் முளைக்கவில்லை. பரீட்சை வேலை வந்தது, தண்ணீரும் நின்றது. பங்குனியில் மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. புத்தகத்தில் படித்தவர்களுக்குச் சொன்னால் ஏறாது. இன்றைக்கும் ஏறுவதில்லை.

ஒரு நாள் காலையில் நான் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தேன். பூக்காரம்மா டீச்சர் வீட்டுப் படியில் கூடையை இறக்கி வைத்து முழம் போட்டுக்கொண்டிருந்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, வெறும் மண்ண வெச்சிக்கினு கீற?"

"பாப்பாம்மா குடுத்த கிழங்குதான். ரெண்டு மாசமாச்சு, ஒண்ணும் வரலை."

"அதெப்டி வரும்?" பூக்காரம்மா குரலைத் தணித்தாள். அவள் தணித்தாலும் தெரு முனை வரை கேட்கும். "வெந்நீர்ல போட்டு குட்த்துருக்கும். எங்க வூட்டாண்ட ஒருத்தி கருவேப்பில கன்னு கேட்டதுக்கு அப்டித்தான் பண்ணா. வேர்ல வெந்நீர ஊத்திட்டு, இந்தாம்மா வெச்சிக்கோன்னு குட்த்தா. குட்த்த மாரியும் இருக்கணும், நீ வெச்சி வளர்க்கவும் கூடாது. நான் ஒரு கெழங்கு கேட்டேன், குட்த்துச்சா அது?"

"சும்மா இரும்மா. அவங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். சும்மாதான் கேட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். "ஏன் பாப்பா, கிழங்கை அம்மா எப்படி எடுத்துக் குடுத்தாங்க?"

எனக்குத் தெரிந்ததை யாராவது கேட்டால் போதும், வாய் நிற்காது. "வெந்நீர்ல போட்டாங்க டீச்சர்! நான்தான் கூட இருந்தேன்."

பூக்காரம்மா கையிலிருந்த பூ அப்படியே நின்றது. "நான் சொல்லல?" என்றாள்.

"பூச்சி போறதுக்கு டீச்சர், மஞ்சள் தூளும் போட்டாங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் அவர் காபி டம்ளர் இல்லாமல் சுவரடிக்கு வந்தார்.

"வெந்நீர்ல போட்டீங்களா, இல்லையா?" என்றார். எடுத்த எடுப்பில் அதுதான்.

அம்மா ஒரு நிமிஷம் டீச்சர் முகத்தைப் பார்த்தாள். "போட்டேன்" என்றாள்.

"குடுக்க மனசில்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாம். மூணு வருஷம் சொன்னீங்களே, நாலாவது வருஷமும் சொல்ல வேண்டியதுதானே."

பூச்சிக்கு என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். ரோஷமாம். ரோஷத்தை வைத்து என்ன சமைக்க முடியும்?

டீச்சர் அந்தப் பக்கம் இரண்டு தொட்டிகளையும் தூக்கிப் போய், குளியலறைக்குப் பின்னால் கவிழ்த்த சத்தம் கேட்டது. ஒரு தொட்டி உடைந்தது.

நான் சுவரில் ஏறி, "டீச்சர், நெஜமா பூச்சிக்குத்தான்" என்று கத்தினேன்.

"அம்மாவைக் காப்பாத்த நீ பொய் சொல்லாதே. இறங்கு" என்றார்.

இந்த நியாயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். காலையில் நான் சொன்ன பாதி உண்மை அவருக்குச் சத்திய வாக்கு. சாயங்காலம் சொன்ன மீதி உண்மை பொய். ஒரே வாய்தான் இரண்டையும் சொன்னது. இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வீட்டுக்குள் வந்தால் அம்மா வேறு, "உன்னை யாருடி அங்க வாய் குடுக்கச் சொன்னது?" என்று என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

வருஷா வருஷம் குருத்தோலை ஞாயிறு அன்று டீச்சர் மாதா கோவிலிலிருந்து வந்து, ஓலையில் எனக்கென்று ஒரு சின்னச் சிலுவை பின்னித் தருவார். அம்மா அதை எங்கள் சாமி படங்களுக்குப் பக்கத்தில் செருகி வைப்பாள். அந்த வருஷம் இல்லை. பழையது மட்டும் மஞ்சளாகி, பழுப்பாகி அங்கேயே இருந்தது. அம்மா அதைக் கழற்றவில்லை. தூசி தட்டும்போதும் துடைப்பம் அதன்மேல் படாமல் கவனமாகத் தட்டினாள்.

மீன் வருகிற நாளில் அந்தப் பக்கம் தண்ணீர் சாக்கடையில் கொட்டுகிற சத்தம் கேட்கும். அம்மா காதில் விழாத மாதிரி அரிசி களைவாள்.

அப்பாவுக்கும் டீச்சர் வீட்டு சாருக்கும்தான் இதில் கொண்டாட்டம். அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. இப்போது ஒரே ரயிலில் சேர்ந்து போனார்கள். ஸ்டேஷன் வாசலில் சேர்ந்து டீ குடித்தார்கள். தெருமுனை வந்ததும் பிரிந்து, ஆளுக்கொரு ஓரமாக, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நடந்து வந்தார்கள். ஒரு நாள் பால் வாங்கப் போன நான் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"பாப்பா, அம்மாகிட்ட சொல்லாதே" என்றார் அப்பா.

"எங்க வீட்லயும் சொல்லாதே" என்றார் சார். "இப்பதான் வீடு அமைதியா இருக்கு."

"அமைதியா? எங்க வீட்ல பாத்திரம் பேசுது சார்" என்றார் அப்பா.

உண்மைதான். அம்மா பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. ஆனால் என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. பள்ளிக்கூடம் மூடி லீவு விட்டார்கள். சித்திரை பிறந்தது. வழக்கமாக அம்மா சந்து மண்ணைக் கொத்திவிட்டு, எருவைப் போட்டு, கிழங்கு நட்டிருப்பாள். அந்த வருஷம் பிஸ்கட் டின் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. கேட்டேன்.

"வேணாம்டி. யார் பார்க்கப் போறா?" என்றாள்.

பார்க்கிறதுக்கு என்று வாங்கியவள். ஏழு கிழங்கை எழுபது ஆக்கியவள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது நாலு நாள் சண்டை கிடையாது என்று. டீச்சர் பேசாவிட்டால் அம்மா அந்தச் சந்துக்கே இனி போகப் போவதில்லை. இதற்கெல்லாம் காரணம் என் வாய்.

ஆகவே நானே நிரூபிப்பது என்று முடிவு செய்தேன். வெந்நீரில் போட்ட கிழங்கு முளைக்கும் என்று காட்டிவிட்டால் டீச்சர் ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும்? ஒரு மத்தியானம் அம்மா தூங்கும்போது டின்னிலிருந்து ஒரு கிழங்கைத் திருடினேன். ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பற்றவைத்தேன். தண்ணீர், மஞ்சள், கிழங்கு, எல்லாம் சரியாகத்தான் போட்டேன். சூடேறும் வரை ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டினேன். அதில் ஒரு தொடர்கதை. கதாநாயகி கிணற்றடிக்குப் போகிறாள், பின்னால் யாரோ வருகிறார்கள். வந்தது யார் என்று தெரிந்துகொண்டு நான் தலையை நிமிர்த்தியபோது குண்டான் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கிழங்கைக் கரண்டியால் எடுத்து அமுக்கினேன். விரல் உள்ளே போனது. அவித்த சேப்பங்கிழங்கு வாசனை அடித்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கதிதானே அந்த ஐந்துக்கும் வந்திருக்கும்? அப்படியானால் பூக்காரம்மா சொன்னதுதான் சரியா? இரண்டு நாள் நான் என் அம்மாவைப் போலீஸ்காரன் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

"என்னடி முறைக்கிறே, கண்ணைத் தோண்டிடுவேன்" என்றாள்.

மூன்றாம் நாள் குளிக்கும்போது வெந்நீர் அண்டாவில் கையை விட்டேன், சுட்டது, வெடுக்கென்று எடுத்தேன். அப்போதுதான் புத்தி வந்தது. பொங்கலுக்குப் பிறகு அம்மா என் கையைத்தானே முதலில் விட்டுப் பார்த்தாள்? சுடவில்லையே. என் கைக்குச் சுடாதது கிழங்குக்கு எப்படிச் சுடும்? ஈரத் துண்டோடு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. "தலையைத் துவட்டுடி, சனியனே" என்றாள். அவித்த கிழங்கைச் சந்தின் கோடியில் புதைத்தேன். சாட்சி ஒழிந்தது.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு, பரங்கிமலைப் பக்கமிருந்து காற்று கிளம்பி, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. தெருவெல்லாம் வேப்பம்பழம். அதற்குப் பிறகு இரண்டு நாள் புழுக்கம். நான் சுவரில் ஏறிக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தவள், டீச்சர் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

அங்கே எப்போதும் நிழல். குளியல் தண்ணீர் கசிந்து மண் ஈரமாக இருக்கும். உடைந்த தொட்டி ஓட்டுக்குப் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் மூன்று சுருட்டுகள் நின்றன. ஊசி மாதிரி, நேராக.

என்ன செய்திருப்பீர்கள்? "டீச்சர்!" என்று கூவியிருப்பீர்கள். நான் கூவவில்லை. சொல்லித்தானே இவ்வளவும் ஆனது? சொன்னால் டீச்சர், நீயே கொண்டுவந்து நட்டுவிட்டாய் என்பார். அம்மா, உன்னை யார் அங்கே பார்க்கச் சொன்னது என்பாள். அவர்களாகவே பார்த்துத் தொலைக்கட்டும் என்று வாயை இறுக்க மூடிக்கொண்டேன். தினமும் காலையில் பல் தேய்க்கும்போது ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சுவரேறிப் பார்த்தேன். முதல் சுருட்டு அவிழ்ந்தது. வெள்ளைக்காரி. அடுத்தது அம்மை போட்டவள். டீச்சர் அந்தப் பக்கம் வருவதாக இல்லை. குளித்தார், துவைத்தார், கொடியில் காயப்போட்டார், லீவு நாளானதால் தூங்கினார். நாலு எட்டு வைத்தால் பார்த்துவிடலாம். வைக்கவில்லை. ஒரு ஆடு உள்ளே வந்தது. நான் சுவரிலிருந்தே கல்லால் அடித்து விரட்டினேன். "யாரு அது கல்லு போடறது?" என்று டீச்சர் உள்ளேயிருந்து கத்தினார். தலையைக் குனிந்து பதுங்கிக்கொண்டேன்.

பத்தாவது நாள் கோவளத்து மீன் வந்தது. தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு வாசலில் நாறியது. ஆகவே டீச்சர் மீன் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் கொட்ட வந்தார். நான் சுவர் மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வாளியைச் சாய்க்கப் போனவர் அப்படியே நின்றார். குனிந்தார். வெள்ளைக்காரியை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். நான் இருக்கிறேன்.

"அம்மாவைக் கூப்பிடு" என்றார்.

"அம்மா!" என்று கத்தினேன். "டீச்சர் கூப்பிடறாங்க!"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. வரமாட்டாள் என்று நினைத்தேன். பிறகு அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சந்துக்குள் வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக. சுவரருகே வந்து எட்டிப் பார்த்தாள். செடியைத்தான் பார்த்தாள், டீச்சரைப் பார்க்கவில்லை.

"மூணு வந்திருக்கு" என்றார் டீச்சர்.

"அஞ்சு குடுத்தேன்."

"ரெண்டு, நான் தண்ணி ஊத்தி அழுகியிருக்கும்."

"இருக்கும்."

டீச்சர் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "வெந்நீர்ல எதுக்குப் போட்டீங்க?"

"பூச்சிக்கு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, பாப்பாம்மா!"

"அன்னைக்கு நீங்க எதுக்குன்னா கேட்டீங்க? போட்டியா இல்லையான்னுதானே கேட்டீங்க? போலீஸ் ஸ்டேஷன் மாதிரி."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மீன் தண்ணீரைப் பார்த்தார். "இதை ஊத்தலாமா, கூடாதா? சொல்லிடுங்க. நான் பாட்டனி எல்லாம் படிக்கலைன்னு வெச்சுக்கங்க."

"பாதி நல்ல தண்ணி கலந்து ஊத்துங்க. இலையில படாம."

ஊற்றினார். அம்மா சுவரில் கையை வைத்தாள். டீச்சரும் முழங்கையை ஊன்றினார்.

"பூக்காரம்மாவுக்கும் ஒரு கிழங்கு குடுத்துடுங்க. ஊரெல்லாம் சொல்லி பேஜார் பண்ணுது" என்றார் டீச்சர்.

"அதுக்கா? வேக வெச்சுத்தான் குடுப்பேன்" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். டீச்சர் சிரித்துச் சிரித்து வாளியைத் தவறவிட்டார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மறுபடியும் வாயைத் திறந்துவிட்டேன்.

"நான் பத்து நாளா பார்த்துக்கினே இருக்கேன் டீச்சர். ஆடு கூட வந்துச்சு, நான்தான் விரட்டினேன்!"

சிரிப்பு நின்றது. இரண்டு முகமும் என் பக்கம் திரும்பின.

"பத்து நாளாவா?" என்றார் டீச்சர். "பத்து நாளா தெரிஞ்சும் சொல்லலையா நீ?"

"பார்த்தீங்களா டீச்சர், இதான் இவ! சொல்லக் கூடாததை ஊரைக் கூட்டிச் சொல்லுவா. சொல்ல வேண்டியதை முழுங்கிடுவா."

"அன்னைக்கும் மஞ்சள் தூள், பூச்சின்னு முதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ வந்திருக்குமா?"

"அதானே! வெந்நீர், வெந்நீர்னு குதிச்சாளாம்."

"கல்லு வேற போட்டிருக்கா, பாப்பாம்மா. கொடித் துணியில பட்டுச்சு."

"இறங்குடி கீழே! சுவர் மேல ஏறாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

நான் இறங்கவில்லை. இறங்குவதற்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் டீச்சர். நடுவில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன். சுவரேறியதில் தொடங்கி, டைஃபாய்டு வந்தபோது மாத்திரையைத் துப்பியது வரை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுத்தார். இதில் ஒன்றுகூட நியாயமில்லை. தப்பு முழுக்க அவர்கள் இரண்டு பேருடையது, இன்றைக்கும் நான் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மாதமாகக் கேட்காத அந்தக் குரல்கள் என் தலைக்கு மேல் போய் வந்துகொண்டிருந்தன. நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வீட்டு அடுப்பில் பால் பொங்கித் தீய்கிற வாசனை வந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.